வீடா, விடுதியா? மாநகராட்சி பதில் சொல்ல வேண்டிய கேள்வி

செம்பூர், மாட்டுங்கா வட்டாரத்துக் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் பொதுக்கூட்டங்களில் தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் பழுது, கார் நிறுத்த இடம் ஆகியவையே நெடுங்காலமாக விவாதப் பொருள்கள். அண்மைக் காலத்தில் இவற்றோடு இன்னொரு வழக்கும் சேர்ந்துகொண்டிருக்கிறது. "மூன்றாம் மாடி பிளாட்டில் நேற்று ஒரு குடும்பம் இருந்தது. இன்று நான்கு இளைஞர்கள் இருக்கிறார்கள். நாளை யார் வருவார்கள்?" என்று ஒருவர் எழுந்து கேட்பார். "வீடு என்னுடையது, வருகிறவர்கள் என் விருந்தாளிகள்" என்று உரிமையாளர் பதில் சொல்வார். செயலாளர் துணைவிதிப் புத்தகத்தைப் புரட்டுவார். அதில் இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்காது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. ஆனால் ஒவ்வொரு மூன்று நாளும் புதிய விருந்தாளி, ஒவ்வொரு விருந்தாளிக்கும் ஒரு ரசீது என்றால் அது விருந்தா, வியாபாரமா? குடியிருப்புக் கட்டடத்துக்குள் இயங்கும் அந்த பிளாட் வீடா, விடுதியா? இதற்கு விடை சொல்ல வேண்டிய பொறுப்பு சங்கச் செயலாளருடையது அல்ல, மாநகராட்சியுடையது.

வியாபாரம் வளர்ந்த விதம்

2008-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், வீட்டின் ஒரு மூலையில் காற்று மெத்தை விரித்து வெளியூர்க்காரருக்கு இடம் கொடுத்ததில் தொடங்கியது ஏர்பிஎன்பி நிறுவனம். தொடக்கத்தில் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருந்தார். நாளடைவில் அவர் மறைந்தார். மெத்தை முழு வீடாயிற்று. இன்று இத்தகைய தளங்கள் பல. கைப்பேசியிலேயே முன்பதிவு, பணம், சாவி வாங்கும் வழி எல்லாம் முடிந்துவிடுகின்றன. உரிமையாளரும் விருந்தாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளரிடமிருந்து பிளாட்டை மொத்தமாக எடுத்து, நாள் கணக்கில் விட்டு நடத்தித்தரும் இடைத்தரகர்களும் தோன்றிவிட்டார்கள்.

நம்மவரில் பலருக்கு இது ஊர்வம்பு அல்ல, வீட்டுக் கணக்கு. அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ முப்பது ஆண்டு உழைத்து செம்பூரில் ஒரு பிளாட் வாங்கியவர், ஓய்வுக்குப் பின் கோவைக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார். பிள்ளைகள் கடல் கடந்து இருக்கிறார்கள். பூட்டிக்கிடக்கும் பிளாட்டுக்கு மாதந்தோறும் சங்கக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஒரு கணக்குக்காக, அதை மாத வாடகைக்கு விட்டால் 40,000 ரூபாய் வரும் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வீதம் பதினைந்து நாள் விட்டாலே 60,000 ரூபாய் ஆகிறது. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. அவரைப் பேராசைக்காரர் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது.

பழைய அச்சம்

பணம் மட்டுமே காரணமும் அல்ல. குடிவைத்தால் குடியிருப்பவர் போகமாட்டார் என்ற அச்சம் மும்பை வீட்டுக்காரர்களின் எலும்பில் ஊறியது. 1947-ஆம் ஆண்டு பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடித்தனக்காரருக்கு உறுதியான பாதுகாப்புத் தந்தது. அதிலிருந்து தப்புவதற்காக, வாடகை என்று எழுதாமல் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்று எழுதும் வழக்கத்தை உரிமையாளர்கள் கைக்கொண்டார்கள். அந்தக் கதவையும் 1973-ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்தது. அவ்வாண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி நடப்பில் இருந்த உரிமத்தின்பேரில் குடியிருந்தவர்கள் குடித்தனக்காரர்களாகவே கருதப்பட்டார்கள். வீடு கை நழுவியது என்று அன்று அழுத குடும்பங்கள் உண்டு. தலைக்கு மேல் கூரை நிலைத்தது என்று நிம்மதி அடைந்த குடும்பங்களும் உண்டு.

2000-ஆம் ஆண்டு மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இந்த நிலையை மாற்றியது. உரிமக் காலம் முடிந்ததும் வீட்டை மீட்டுக்கொள்ள அது தனி வழி வகுத்தது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவு செய்யப்பட வேண்டும் என்றும் விதித்தது. ஆயினும் சட்டம் மாறிய வேகத்தில் மனம் மாறவில்லை. பதினொரு மாதக் குடித்தனக்காரரைவிட இரண்டு நாள் விருந்தாளி ஆபத்தில்லாதவர் என்று உரிமையாளர் எண்ணுகிறார். நாள் வாடகையின் கவர்ச்சிக்கு அடியில் அரை நூற்றாண்டுப் பழைய அச்சம் கிடக்கிறது என்பதை மறந்து இந்தப் பிரச்னையைப் பேச முடியாது.

சட்டங்கள் உண்டு, சேரவில்லை

இதைக் கட்டுப்படுத்தச் சட்டமே இல்லை என்று சொல்வதும் சரியல்ல. சட்டங்கள் பல இருக்கின்றன; ஒன்றோடு ஒன்று சேரவில்லை. லாட்ஜ் நடத்த 1888-ஆம் ஆண்டு மும்பை மாநகராட்சிச் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும். தீயணைப்பு ஏற்பாடுகளுக்கு 2006-ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் இருக்கிறது. அயல்நாட்டவர் தங்கினால், தங்கவைத்தவர் 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். வாடகைக்கு வருவோரின் விவரங்களைப் போலீசுக்குத் தெரிவிக்கும்படி மும்பைப் போலீசார் ஆணைகள் பிறப்பித்து வந்திருக்கிறார்கள்.

வரி விஷயத்தில் மத்திய சர்க்கார் இன்னும் விழிப்பாக இருந்திருக்கிறது. ஜி.எஸ்.டி. பதிவு வரம்புக்குள் வராத சிறு உரிமையாளர், இணையத் தளத்தின் மூலம் அறை வாடகைக்கு விட்டால், அந்தத் தளமே வரியைக் கட்ட வேண்டும் என்று விதி செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே எந்த வீட்டில் எத்தனை இரவு, எவ்வளவு வருமானம் என்பது தளத்துக்குத் தெரியும். அந்த வீட்டுக்குத் தண்ணீர் கொடுத்து, குப்பை அள்ளி, தீப்பிடித்தால் வண்டி அனுப்ப வேண்டிய மாநகராட்சியிடம்தான் அப்படி ஒரு பட்டியல் இல்லை.

கூட்டுறவுச் சங்கங்களின் கையும் கட்டப்பட்டிருக்கிறது. மாதிரித் துணைவிதிகளின்படி, உறுப்பினர் தம் பிளாட்டை உரிம ஒப்பந்தத்தில் விடச் சங்கத்தின் அனுமதி தேவையில்லை. முன்கூட்டித் தெரிவித்தால் போதும். உரிமையாளர் குடியிருக்காத பிளாட்டுக்கு விதிக்கும் கூடுதல் கட்டணம், சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது 2001 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாநில சர்க்கார் இட்ட ஆணை. சங்கங்கள் மனம்போனபடி வசூலித்த காலத்தில் அது நியாயமான ஆணை. ஆனால் பதினொரு மாத ஒப்பந்தத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி, இரவுக்கு இரவு ஆள் மாறும் வீட்டுக்கும் அப்படியே பொருந்துமா?

இன்னொரு முரண்பாடும் உண்டு. 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு மும்பையில் 2022 முதல் சொத்து வரி விலக்கு அளிக்கப்பட்டது. எளிய குடும்பங்களுக்காக வந்த சலுகை அது. அதே அளவு பிளாட் ஒன்று ஆண்டு முழுவதும் விடுதியாக ஓடினாலும், ஏட்டில் 'குடியிருப்பு' என்று இருக்கும்வரை சலுகை அதற்கும் போய்ச் சேர்கிறது. முறைப்படி உரிமம் வாங்கி, வணிகக் கட்டட வரி கட்டி, தீயணைப்புச் சான்றிதழ் புதுப்பித்து லாட்ஜ் நடத்துகிறவர் இதைப் பார்த்து என்ன நினைப்பார்?

யாருக்கு நஷ்டம்?

முதல் நஷ்டம் அக்கம்பக்கத்தாருக்கு. வாசலில் யார் வந்தாலும் பெயர் சொல்லி விசாரிக்கும் கட்டடங்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இன்றும் உண்டு. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு அந்த அறிமுகமே காவல். 2008 நவம்பர் பயங்கரத்தைக் கண்ட நகரத்தில், அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்று கேட்பதை வம்பு என்று சொல்ல முடியாது.

இரண்டாவது நஷ்டம், வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு. நாள் வாடகைக்குப் போகும் ஒவ்வொரு பிளாட்டும் மாத வாடகைச் சந்தையிலிருந்து ஒரு வீட்டைக் குறைக்கிறது. தாராவிச் சீரமைப்பு நடக்கும் இந்தக் காலத்தில் இதன் பொருள் நமக்கு நன்றாகவே புரியும். தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். மேல்மாடியில் இருப்போருக்குத் தாராவிக்கு வெளியே வாடகை வீடு என்பது திட்டம். நெல்லைச் சீமையிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகத் தாராவியில் வேர்விட்ட குடும்பங்கள், பிள்ளையின் பள்ளிக்கூடமும் பிழைப்பும் கெடாதபடி சயானிலோ செம்பூரிலோ ஒரு சிறு வீடு கிடைக்குமா என்று தேடும்போது, அங்கே இருக்கும் வீடுகள் சுற்றுலாப் பயணிக்குப் போய்விட்டால் இவர்கள் எங்கே போவது?

பிற நகரங்கள் செய்தது

நியூயார்க் நகரம் 2023 செப்டம்பர் 5 முதல் கடுமையான பதிவு முறையைக் கொண்டுவந்தது. 30 நாளுக்குக் குறைந்த வாடகை என்றால் வீட்டுக்காரரும் அதே வீட்டில் இருக்க வேண்டும். விருந்தாளிகள் இருவருக்கு மேல் கூடாது. பதிவு பெறாத வீட்டுக்குத் தளம் முன்பதிவு செய்து தரக்கூடாது. பார்சிலோனா நகர மேயர் 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பின் புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார். ஜப்பான் 2018 முதல் ஆண்டுக்கு 180 நாள் என்று வரம்பு கட்டியது. நம்மவர் நிறைந்த சிங்கப்பூரிலோ, தனியார் வீட்டைக் குறைந்தது மூன்று மாதத்துக்கும், வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைக் குறைந்தது ஆறு மாதத்துக்கும் விட வேண்டும் என்பது விதி.

உள்நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. கோவாவில் 1982-ஆம் ஆண்டுச் சுற்றுலாத் தொழில் பதிவுச் சட்டம் இருக்கிறது. டில்லி 2007-இல் தனிச் சட்டமே இயற்றி, வீட்டுக்காரர் குடும்பத்தோடு குடியிருக்கும் வீட்டில் விருந்தாளிக்கு அறை கொடுப்பதைப் பதிவுக்குள் கொண்டுவந்தது. மத்திய சுற்றுலாத் துறையின் திட்டமும் ஆறு அறை வரை, வீட்டுக்காரர் உடன் இருக்க வேண்டும் என்றே சொல்கிறது. 2025 பிப்ரவரி 1-ஆம் தேதி பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் இத்தகைய வீட்டு விடுதிகளுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்தார். கடன் கொடுத்து வளர்க்கும் தொழிலுக்கு ஊருக்கு ஊர் தெளிவான விதி இருப்பது அவசியம் அல்லவா?

விதியைக் காகிதத்தில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நீலகிரி சாட்சி. 2021 ஜனவரியில் மசினகுடியில், தங்கும் விடுதி ஒன்றின் பக்கம் வந்த காட்டு யானைமீது எரியும் துணியை வீசினார்கள். அந்த யானை இறந்தது. நாடே பதைத்தது. உரிமம் இல்லை என்று கூறி அந்த விடுதிக்கு முத்திரை வைக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

தடை மட்டும் போதாது

அப்படியானால் மும்பையில் அடியோடு தடை செய்துவிடலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது அவசரப் புத்தி. வெளியூர்க்காரருக்குச் சில நாள் இடம் கொடுத்தே வளர்ந்த நகரம் இது. கோவாக் கிராமங்கள் தங்கள் ஊர்க்காரருக்காக தோபி தலாவ் பகுதியில் நடத்திய சங்க விடுதிகளில், கப்பலுக்குக் காத்திருந்த மாலுமிகள் தங்கினார்கள். தென்னாட்டிலிருந்து வேலை தேடி வந்த இளைஞனுக்கு மாட்டுங்கா மெஸ் சோறு போட்டது. தாராவியில் ஊர்க்காரரின் அறை இடம் கொடுத்தது. அன்று அந்த வாசல்கள் மூடியிருந்தால் இன்று மும்பைத் தமிழர் என்ற பெயரே இருந்திருக்காது.

இன்றும் பரேலில், 1941-இல் தொடங்கப்பட்ட டாட்டா நினைவு மருத்துவமனைக்கு நாடெங்கிலுமிருந்து புற்றுநோயாளிகள் வருகிறார்கள். சிகிச்சை சில வாரம் நீளும். தர்மசாலைகளில் இடம் கிடைக்காதவர்கள் நடைபாதையில் படுக்கிறார்கள். பதினொரு மாத ஒப்பந்தம் அவர்களுக்குப் பயன்படாது. பெரிய ஹோட்டல் கட்டுப்படியாகாது. குறுகிய கால வாடகை முழுவதையும் மூடிவிட்டால் முதலில் தெருவுக்கு வருகிறவர் சுற்றுலாப் பயணி அல்லர். நோயாளியின் மனைவியும் மகனும்தான்.

முடிவு செய்யும் அதிகாரம் முழுவதையும் சங்கங்களிடம் ஒப்படைப்பதும் ஆபத்தே. பார்சி சமூகத்தவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் சங்கம் ஒன்றின் துணைவிதி செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாமிசம் சாப்பிடுகிறவர், மணமாகாதவர், மாற்று மதத்தவர் என்று காரணம் காட்டி வீடு மறுக்கும் கட்டடங்கள் இந்நகரில் இன்றும் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் தென்னாட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக விரட்டப்பட்டதை நம் முதியவர்கள் மறக்கவில்லை. 'அந்நியர் வரக்கூடாது' என்ற வாசகத்தில் அந்நியர் யார் என்று தீர்மானிக்கும் உரிமையைப் பக்கத்து வீட்டுக்காரர் கையில் கொடுத்தால், நாளை அது யார்மீது திரும்பும் என்று நமக்குத் தெரியாதா?

ஒரே கேள்வி

ஆகவே விதி வேண்டும். அது ஒரே கேள்வியில் நிற்க வேண்டும். வீட்டுக்காரர் அந்த வீட்டில் இருக்கிறாரா? இது இரவல் யோசனை அல்ல. மகாராஷ்டிர வாடகைச் சட்டமே 'பேயிங் கெஸ்ட்' என்பதற்கு, உரிமம் தருபவர் தாமே குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியில் இடம் பெற்றவர் என்றுதான் பொருள் சொல்கிறது. நியூயார்க் பல ஆண்டு தகராறுக்குப் பிறகு வந்து சேர்ந்த இடம், நம் சட்டப் புத்தகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

வீட்டுக்காரர் உடனிருந்தால், அவர் தம் அறையை விட எளிய பதிவு போதும். வார்டு அலுவலகத்தில் ஒரு படிவம், சிறிய கட்டணம், ஒரு பதிவு எண். மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு வார்டு, தாராவிக்கு ஜி வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு என்று அலுவலகங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. விருந்தாளி தவறு செய்தால் கேட்க ஆள் வீட்டிலேயே இருக்கிறார். பேரப்பிள்ளைகள் தூரத்தில் இருக்க, கணவனை இழந்து தனியே வாழும் ஒரு பெண்மணி இரண்டாவது அறையை விட்டுப் பிழைப்பதை எந்தச் சட்டமும் தடுக்க வேண்டியதில்லை.

வீட்டுக்காரர் இல்லாமல் முழு பிளாட்டும் நாள் வாடகைக்குப் போகிறது என்றால் அது விடுதியே. விடுதிக்குரிய உரிமம், தீயணைப்பு ஏற்பாடு, வணிக வரி, சங்கப் பொதுக்குழுவின் பெரும்பான்மைச் சம்மதம் ஆகிய நான்கும் வேண்டும். பொதுக்குழு 'நாள் வாடகை வேண்டாம்' என்று எல்லோருக்கும் பொதுவாக முடிவு செய்யலாம். இன்னாருக்கு விடக்கூடாது என்று சாதி, மதம், மொழி பார்த்து முடிவு செய்ய இடம் தரக்கூடாது. நோயாளிகளுக்காக நடத்தப்படும் இல்லங்களுக்குக் கட்டணச் சலுகையோடு தனிப் பிரிவு வேண்டும். பதிவு எண் இல்லாத வீட்டை விளம்பரப்படுத்தும் தளத்துக்கு அபராதம் வேண்டும். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட மாநகராட்சியிடம் ஆள் இல்லை, ஆனால் ஜி.எஸ்.டி. வசூலிப்பது போலவே, தளத்தைப் பொறுப்பாளியாக்கினால் பாதி வேலை முடிந்துவிடும்.

அதேபோல், உரிமையாளரின் பழைய அச்சத்துக்கும் மருந்து வேண்டும். உரிமக் காலம் முடிந்தும் காலி செய்யாதவர்மீது வரும் மனுக்கள் விரைவாகத் தீர்க்கப்பட்டால், 'மாத வாடகைக்கே விடுகிறேன்' என்று முன்வரும் உரிமையாளர்கள் பெருகுவார்கள். அந்த வீடுகள் தாராவிக் குடும்பங்களுக்கும் பயன்படும்.

மும்பை மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச் 7-இல் முடிந்த பிறகு, ஏறத்தாழ நான்கு ஆண்டு மக்கள் பிரதிநிதிகள் இல்லாமலே நகர நிர்வாகம் நடந்தது. அப்போது இந்தக் கேள்வியைக் கொண்டுபோக வார்டில் கவுன்சிலரே இல்லை. 2026 ஜனவரியில் 227 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது. வாக்குக் கேட்டு வந்தவர்கள் தண்ணீர், சாலை, சாக்கடை பற்றி வாக்குறுதி தந்தார்கள். அவற்றோடு இதையும் சபையில் எழுப்பும்படி நம் சங்கங்கள் அவர்களைக் கேட்க வேண்டும். ஒரு கட்டடத்தில் தீப்பிடித்த பிறகோ, ஓர் அசம்பாவிதம் நடந்த பிறகோ இரவோடிரவாகத் தடை உத்தரவு போடுவதில், ஓய்வூதியக்காரரும் நோயாளியும்தான் முதலில் நசுங்குவார்கள். அமைதியான காலத்தில், எல்லோரையும் கேட்டு எழுதப்படும் விதியே நிலைக்கும்.